முழு விலாசம்

இந்தத் தேர்வில் தேறினால், மூட்டை சுமந்து இடுப்பு விட்டுப்போன இருளப்பனுக்கு அதே பார்சல் ஷெட்டில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலி கிடைக்கும். தேறாவிட்டால் நாளைக்கும் மூட்டைதான். லினக்ஸ் கம்ப்யூட்டரில், பைத்தான் என்ற நிரல் இருக்கும் இடத்தை, கட்டளைகளைக் கம்ப்யூட்டர் தேடிப் போகும் பாதைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்கள். ஒற்றை விரலால் அடித்துச் சேர்த்தார். பைத்தான் ஓடியது. "சரிண்ணே, இந்த ஃபோல்டர்ல என்னென்ன கெடக்குன்னு காட்டுங்க," என்றார் தேர்வு நடத்த வந்த வகிதா. இருளப்பன் அதைக் காட்டும் கட்டளையான எல்.எஸ். என்பதை அடித்தார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை. வகிதா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"சேக்கச் சொன்னா, பழைய பாதையெல்லாம் அழிச்சிட்டு உங்களோடத மட்டும் எழுதி வச்சிருக்கீங்க. இப்ப இதுக்குப் பைத்தான் வீட்டத் தவிர ஒரு வீடும் தெரியாது."

"மத்த வீடெல்லாம் இடிஞ்சா போச்சு, மேடம்?"

"அப்படியேதான் இருக்கு. இதுக்குத்தான் வழி தெரியல."

இருளப்பன் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியது மூட்டைகளின் மேலிருந்த விலாசங்களைப் பார்த்துத்தான். கம்ப்யூட்டர் விலாசம் தொடங்கும் சாய்கோட்டிலிருந்து, எல்.எஸ். கட்டளை குடியிருக்கும் இடம் முழுவதையும் ஓரெழுத்து விடாமல் அடித்தார். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இறங்கின.

"அதுக்காக ஒவ்வொண்ணுக்கும் இப்படியே எழுதிட்டிருப்பீங்களா?"

"வழி தெரியாத டிரைவருக்கு அப்படித்தான மேடம் எழுதிக் குடுப்போம்."

வகிதாவின் பேனா மதிப்பெண் கட்டத்துக்கு மேலேயே நின்றது. இருளப்பன் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த விலாசத்துக்கான சாய்கோட்டை அவர் விரல் தேடிக்கொண்டிருந்தது.