காற்றுப் படாத அறை

“தணல் சட்டி குளிர்ந்துபோய்க் கிடக்கு. என்ரை பிள்ளைக்குச் சன்னி கின்னி பிடிச்சுதோ, நீர்தான் பதில் சொல்லவேணும், சொல்லிப்போட்டன்!”

விடிந்ததும் விடியாததுமாக நல்லம்மா தொடங்கிவிட்டாள். மருமகன் தியாகராசா தலையைக் குனிந்துகொண்டு தாழ்வாரத்தில் நின்றான். மார்கழி மழை விட்டபாடில்லை. உள்ளே அவன் மனைவி பூரணம், இன்னும் பெயர்கூட வைக்காத குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுங்கிக் கிடந்தாள். குழந்தை விடிந்ததிலிருந்து ஒரு சத்தம் போடவில்லை.

பண்டத்தரிப்புப் பக்கத்தில் பிள்ளை பெற்றவளை அப்படித்தான் வைப்பார்கள். கட்டிலுக்குக் கீழே தணல் சட்டி. கதவு, யன்னல், சுவரில் பல்லி போகிற ஓட்டை, எல்லாவற்றையும் சாக்காலும் பழந்துணியாலும் அடைத்துவிடுவார்கள். காற்றுப் படக்கூடாது, சூடு இறங்கக்கூடாது. இறங்கினால் சன்னி வரும், ஆள் போய்விடும். அப்படிப் போன பெண்களின் பெயர்கள் நல்லம்மாவுக்கு மனப்பாடம். அவளுடைய மூத்த மகளும் அதில் ஒருத்தி. நல்லம்மா கத்தியதில் என்ன பிழை?

“விறகு எங்கை? மாட்டுக் கொட்டிலுக்குள்ளை ஒரு கட்டுக் கிடந்தது. என்ரை இந்தக் கண்ணாலை கண்டனான்.”

“சாரல் அடிச்சு நனைஞ்சு போச்சு, மாமி.”

“அப்ப நனைஞ்ச விறகைக் காட்டும் பாப்பம்!”

தியாகராசாவால் எதைக் காட்ட முடியும்? வளவுகளில் மரங்களுக்குக் கொப்பு வெட்டிவிடுவது அவன் தொழில். கூரையில் முட்டுகிற வேம்பு, வேலியைச் சாய்க்கிற பூவரசு எல்லாவற்றையும் மழைக்கு முன்னமே கழித்துவிட வேண்டும். வெட்டின கொப்பு வெட்டினவனுக்குச் சேரும். மனைவியின் பிள்ளைப்பேற்றுக்கென்று வேப்பங்கொப்பாய்ப் பார்த்துப் பொறுக்கி, ஆவணி வெயிலிலேயே காயவைத்து அடுக்கியிருந்தான். எரித்தது போக மிச்சம் ஒரு கட்டு இருந்தது. ஊர் முழுக்க ஊறிக் கிடக்கிற நேரத்தில் காய்ந்த விறகு என்றால் சும்மாவா?

“விளங்கீட்டுது. கள்ளுக்குக் குடுத்துப்போட்டீர், என்ன?”

கள்ளை அவன் வாயில் வைத்தே எத்தனையோ வருடம். ஆனாலும், “ஓம்” என்றான். உண்மையைச் சொல்வதைவிட அது லேசாக இருந்தது.

“ஐயோ முருகா! பெண்சாதி பிள்ளையின்ரை சூட்டைக் குடிச்சுப்போட்டு வந்து நிக்கிறானே, அறுவான்!” மருமகனுக்குக் கொடுத்துவந்த மரியாதையெல்லாம் மழைத் தண்ணீரோடு போய்விட்டது. “என்ரை பேத்திக்கு ஒண்டு நடந்தால் இந்த முற்றம் மிதிக்க விடமாட்டன்!”

பிள்ளைக்கு ஒன்று நடந்தால் மாமியென்ன, அவனே தன்னை மன்னிக்கப் போவதில்லை.

அந்த நேரம் படலையைத் தள்ளிக்கொண்டு அரசாங்க மருத்துவிச்சி அற்புதராணி வந்தாள். மாற்றலாகி வந்து ஒரு மாதமாகவில்லை. யார் வீட்டுக்கு யார் உறவென்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. முழங்கால் வரை சேறு. முகம் செத்துப்போயிருந்தது. ஒருவரோடும் பேசாமல் நேரே அறைக்குள் போனவள், முதல் வேலையாக யன்னலில் அடைத்திருந்த சாக்கைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

“மிஸி! காத்துப் படப்போகுது!” என்று நல்லம்மா பாய்ந்தாள்.

“படட்டும்.” குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். “நல்ல நித்திரை. ஒரு குறையுமில்லை. பூரணம், தலையிடி இருக்கோ?”

“ரெண்டு மூண்டு நாளாய்ச் சரியான இடி, மிஸி. இண்டைக்கு விடியத்தான் இல்லை.”

“தணலை ஆர் அணைச்சது?”

“ஆரும் அணைக்கேல்லை. இந்த மனிசன் விறகைக் குடுத்துக் கள்ளுக் குடிச்சுப்போட்டுது” என்றாள் நல்லம்மா.

“அப்ப அந்த மனிசனைக் கும்பிடுங்கோ, அம்மா. மூடின அறைக்குள்ளை தணல் கிடந்தால் அந்தக் காத்தே நஞ்சு. மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. நித்திரையிலேயே ஆள் முடிஞ்சுபோம். உங்கடை வீட்டிலை விறகு முடிஞ்சபடியால் ரெண்டு உயிர் தப்பிச்சுது.”

நல்லம்மா சுவரைப் பிடித்தாள். “என்ரை மூத்தவளுக்கு நான் விடிய விடியத் தணல் போட்டனானே, மிஸி... சன்னி எண்டல்லோ எல்லாரும் சொன்னவை...”

நல்லம்மா அப்படியே நிலத்தில் குந்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாசலில் நின்ற தியாகராசாவுக்கு மட்டும் போன உயிர் திரும்பிவந்தது. கொடுத்ததும் நல்லதுக்குத்தான், இல்லாமல் போனதும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“வீடு வீடாய்ச் சொல்லுறன், ஒருத்தரும் கேக்கினமில்லை” என்றாள் அற்புதராணி. “இப்பவும் சுழிபுரத்திலை ஒரு செத்தவீட்டிலையிருந்துதான் வாறன். தாயும் பிள்ளையும் ஒரே பாயிலை, நித்திரை கொள்ளுற மாதிரி.”

தியாகராசாவின் கை இறங்கியது. “சுழிபுரத்திலை... ஆர் வீடு, மிஸி?”

“பேர் ஞாபகமில்லை, அண்ணை. பாவப்பட்ட சனம், ஒரு சுள்ளி விறகுக்கும் வழியில்லை. நேற்றுப் பின்னேரம் அந்தத் தாய்க்காரியின்ரை தமையன் மழைக்குள்ளாலை ஒரு கட்டு வேப்பங்கொப்பைச் சுமந்துகொண்டு வந்து குடுத்தவராம்; ‘இண்டைக்கெண்டாலும் சூடாய்ப் படுப்பன், அண்ணை’ எண்டு சொல்லிச் சிரிச்சவளாம்.”