இருபத்தோரு பச்சைக் கட்டம்

"திருட்டுக் கடனுங்க இது. மொதல்ல இத எடுத்து வுடுங்க," என்றாள் சாலம்மாள்.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஹ்ஜபீன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டர். திரையில் சாலம்மாளின் புருஷன் கிருஷ்ணப்பனின் கிரெடிட் ரிப்போர்ட் திறந்திருந்தது. அவர் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு லேப்டாப்புக்கு, நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்க் கடன் அவர் பேரில் ஏறியிருந்தது.

தோட்டத்தில் போர் வற்றி, தக்காளி காய்ந்துகொண்டிருந்தது. புது போர் போட லோன் கேட்கப் போன இடத்தில், இந்தக் கடன் எங்களுடையது இல்லை என்று சாலம்மாள் சொல்ல, அப்படியானால் அந்த விவகாரத்தை முடித்துவிட்டு வாருங்கள் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள்.

"எங்களுது இல்லன்னு டிஸ்பியூட் போட்டா கிரெடிட் மார்க்கு கொறைஞ்சிடுமா பாப்பா?"

"போடறதால மட்டும் ஏறாது, எறங்காதுக்கா. கடன் குடுத்த கம்பெனிக்காரங்க முப்பது நாளுக்குள்ள பதில் சொல்லணும். அண்ணனோடது இல்லன்னு அவங்க ஒத்துக்கிட்டா ரிப்போர்ட்லருந்தே எடுத்துருவாங்க. அப்பதான் மார்க்கு மாறும்."

"ஏறுமில்ல?"

"எறங்கினாலும் எறங்கும்க்கா," என்று தயங்கினாள் மெஹ்ஜபீன். "வாங்கி இருபத்தோரு மாசம் ஆச்சு. ஒரு தவணைகூடத் தப்பல, எல்லாம் பச்சைக் கட்டம். அண்ணனுக்கு இவ்ளோ நல்ல மார்க்கு இருக்கறதே இதனாலதான்."

"மாசம் தவறாம கட்டறானா? நல்ல குடும்பத்துத் திருடனாட்டம் இருக்குதே."

மெஹ்ஜபீன் சிரித்தாள். கிருஷ்ணப்பன் சிரிக்கவில்லை. மண்டியில் விலை போகாத கூடையைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்ல பசங்க யாராச்சும் அண்ணனோட ஆதார வச்சு வாங்கியிருப்பாங்களா?"

சாலம்மாள் புருஷனின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அவர் பழக்கிவைத்திருந்த பதில்தான் அவள் வாயில் வந்தது.

"எங்களுக்குப் பசங்க இல்ல."

"சரிக்கா. அப்ப டிஸ்பியூட் போட்டுரலாமா அண்ணா?"

"வேணாம்," என்றார் கிருஷ்ணப்பன்.

"ஏங்க, நாளைக்கு அவன் கட்டாம ஓடிட்டா உங்க தலையிலதான வுழும்?" என்றாள் சாலம்மாள். "பேங்குலயும் லோன் குடுக்க மாட்டாங்க."

"லோன் வேணாம்."

"தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?"

குழம்பிப்போன மெஹ்ஜபீன் சாலம்மாள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் புரியலக்கா. ஒன்றரை வருஷமா மாசாமாசம் வந்து அண்ணன் இந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டுத்தான் போறாரு. தன்னுது இல்லன்னு ஒருநாளும் சொன்னதில்ல."

சாலம்மாள் நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளினாள்.

"மாசாமாசமா? சந்தைக்குன்னு சொல்லிட்டு இங்கதான் வந்தீங்களா?"

"ம்."

"தெரிஞ்சேதான் இருந்திருக்கீங்க." அவள் குரல் வற்றியிருந்தது. "லேப்டாப்பு நமக்கு எதுக்குங்க? எவளுக்கு வாங்கிக் குடுத்தீங்க?"

அதற்கும் அவருக்குக் கோபம் வரவில்லை. மெஹ்ஜபீன் எழுந்து, பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

"நான் வாங்கல. வூட்ட வுட்டுப் போறதுக்கு மொத வாரம், என் பேருல அவளே வாங்கியிருக்கா."

கிருஷ்ணப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"நம்ம பொண்ணு மாசாமாசம் கட்டறா சாலா, நல்லாத்தான் இருக்கா."