இளகிய மனசுக்கார பிரஷ்

ஷெரினுக்குப் பல்லில் கம்பி போட்ட மூன்றாம் நாள், பிரஷ் பட்டு ஈறில் ரத்தம் கசிந்தது. பிரஷ் பதறிப்போனது. பிறவியிலேயே அதற்கு இளகிய மனசு.

"வலிக்குதா? இனிமே உன் பக்கமே வரமாட்டேன்."

"நீதான் நல்லவன்," என்று தழுதழுத்தது ஈறு.

அன்றிலிருந்து பிரஷ் பல்லின் முகப்பை மட்டும் மேலாக வருடிவிட்டு, ஈறு வந்ததும் ஒதுங்கிப் போனது. முறுக்குத் துணுக்கும் இட்லிப் பிசிறும் கம்பியடியில் வசதியாகக் குடியேறின.

"இங்கயும் கொஞ்சம் தேய்ச்சுவிடேன். கோணல் பல்லைப் பாதி தூரம் இழுத்துட்டேன், காரியத்தைக் கெடுத்துடாதே," என்றது கம்பி.

"ரத்தம் வருமே! உனக்கென்ன, நீ இரும்பு," என்றது பிரஷ்.

ஈறு சிவந்து வீங்கிப் பல்லின் மேல் ஏறியது. கடைசியில் வெறும் இட்லி பட்டாலே ரத்தம் வந்தது. நல்லவேளை, நாம் தொடவில்லை என்று பிரஷ் நினைத்துக்கொண்டது.

நாலாம் மாதம், பிரஷையும் எடுத்து வரச் சொன்னார் டாக்டர். ஷெரினின் வாயைப் பார்த்தவர், "முதல்ல ஈறு ஆறட்டும்," என்று கம்பியைக் கழற்றித் தட்டில் போட்டார்.

"இழுத்ததெல்லாம் வீணாப் போச்சே!" என்று தட்டில் கிடந்து புலம்பியது கம்பி.

டாக்டர் பிரஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு மாசமாச்சு, ஒரு நார்கூட வளையலையே."

பிரஷ் கூச்சத்தோடு சொன்னது: "நான் யாரையும் நோகடிச்சதே இல்லைங்க."