ஐஸ் பெட்டி போயாச்சா?

சிரிங்கடா, நல்லா சிரிங்க. டிகிரி முடிச்ச நீங்க பீட்சா கொண்டுபோறீங்க. படிப்பப் பாதில விட்ட நான் கேன்சர் கொண்டுபோறேன். யாருடா பெரிய ஆளு?

ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணி எடுக்கிற மார்புக் கட்டில ஒரு துண்டு, ஐஸ் பெட்டில வச்சுத் தருவாங்க. கழக்கூட்டம் பக்கத்துல இருக்கிற லேபுக்கு நான் பைக்ல கொண்டுபோகணும். யாரோடதுன்னு பேர் இருக்காது, வெறும் நம்பர்தான்.

லேப்ல ஸ்மிதா மேடம். வாயத் திறந்தா திட்டுதான்.

"ஏன் லேட்டு?"

"உள்ளூர் ஜங்ஷன்ல டிராஃபிக் பிளாக், மேடம்."

"ஃப்ரெஷ்ஷா வரலன்னா என் டெஸ்டே வேஸ்ட். தெரியுமோ?"

என்ன டெஸ்டுன்னு ஒருநாள் கேட்டேன். நானோ துகளாம். தூசியவிடப் பொடிசு. அதுக்குள்ள மருந்து.

"கேன்சர் செல்ல மட்டும் தேடிப்போய் ஒட்டும். ஒட்டின இடம் மினுங்கிக் காட்டிக்குடுக்கும். மருந்தும் அங்கயே இறங்கும். இன்னும் ஆளுக்குக் குடுக்கற அளவுக்கு வரல. இந்தத் துண்டுலதான் பாத்துட்டிருக்கோம்."

அசந்துட்டேன்டா. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"அப்போ அதுவும் டெலிவரி பாயா மேடம்?"

"ஆமா. ஆனா உன்ன மாதிரி வழில எங்கயும் நிக்காது, கேட்டோ."

நேத்து ஆஸ்பத்திரில ராகேல் சிஸ்டர் பெட்டியத் தந்தாங்க. லேபுக்கு போன் போட்டேன். அங்க மேடத்துக்கு உதவியா இருக்கிற பிந்து எடுத்தா.

"மேடம் லீவு. பெட்டிய என்கிட்ட குடு."

"லீவா? பொன்முடி டூரா?"

"எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லலடா."

நம்மள வெயில்ல விரட்டிட்டு இவங்களுக்கு டூர். நல்ல நியாயம். வண்டிய எடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு மேடம் நம்பர்ல இருந்து போன். குரலே இல்ல, காத்துதான் வருது.

"பிரவினே... பெட்டி போயாச்சா?"

"லீவுலயும் விடமாட்டீங்களா மேடம்? குடுத்தாச்சு. நீங்க நிம்மதியா ஊர் சுத்துங்க."

"அப்பாடா..."

அப்புறம் பக்கத்துல ராகேல் சிஸ்டர் குரல். "போதும் மேடம், போனத் தாங்க. ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து இப்பதான வந்தீங்க, மயக்கமே தெளியல." போன் கை மாறுச்சு. "மோனே, கண்ணு முழிச்சதும் வலிக்குதுன்னுகூடச் சொல்லல. என்னோடது லேபுக்குப் போயாச்சான்னுதான் கேட்டாங்க."

பெட்டி பைக்ல தொங்கிட்டிருந்துச்சுடா. உள்ளூர் ஜங்ஷன்ல பிளாக்கும் இல்ல. நான் டீக்கடைல நின்னுட்டிருந்தேன். ரெண்டாவது டீ.