ஆல்வின் படத்துக்கு முட்டை

"இருபதுக்கு முட்டைங்க மேடம்! பரீட்சையே எழுதாத புள்ளைக்குக்கூட இப்படிப் போட மாட்டாங்க!"

கையிலிருந்த படத்தை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் கிருபா. ஒன்பதாம் வகுப்பு ஆல்வினின் அம்மா.

கணபதி பகுதியிலிருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக வந்து உம்மல் குல்சும் இன்னும் ஒரு வாரத்தைக்கூட முடிக்கவில்லை. ஆசிரியர்களின் பெயரே பாதிதான் மனதில் நின்றிருந்தது. அதற்குள் முதல் புகார்.

அதற்காக அவர் அசந்துவிடவில்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. அதை இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

"உக்காருங்க அம்மணி. மொதல்ல டிராயிங் சார்கிட்டக் கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனுங்களா? ஒண்ணுக்கு நாலு தடவ கேட்டுப்போட்டேன். ஸ்கூல் விஷயத்த ஸ்கூல்ல பேசிக்கலாம்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாருங்க. அதான் ஸ்கூலுக்கே வந்துட்டேன்."

வழியில் மறித்துக் கேட்டிருப்பாள், மனிதர் பிடி கொடுக்காமல் நழுவியிருப்பார் என்று உம்மல் குல்சும் புரிந்துகொண்டார். ஆசிரியர் சரியான ஆள்தான் என்று தோன்றியது. உடனே ஓவிய ஆசிரியரை அழைத்துவரச் சொன்னார்.

பிரான்சிஸ் வந்தார். கிருபாவைக் கண்டதும் வாசலிலேயே ஒரு நொடி தயங்கினார். பிறகு உள்ளே வந்து, காலியாக இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கிருபா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

உம்மல் குல்சும் படத்தை எடுத்துப் பார்த்தார். இருட்டுகிற நேரத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. அதன் நீல வெளிச்சம் எதிர்ச் சுவரிலும், வாசலில் நின்ற சைக்கிளின் கம்பிகளிலும் பட்டுத் தெறித்தது.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"அதாங்க மேடம் பிரச்சினையே. ரொம்ப நல்லா இருக்கு." பிரான்சிஸ் விரலால் காட்டினார். "இந்த வெளிச்சத்தப் பாருங்க. பேப்பரோட வெள்ளைய அப்படியே விட்டுட்டு, சுத்தி நீலத்த ஒரே இழுப்புல இழுத்திருக்கு. வருசக்கணக்கா பிரஷ் பிடிச்ச கைங்க இது. ஆல்வின் இப்பத்தான் மரத்துக்குப் பச்சை அடிக்கப் பழகறான். பெரியவங்க வரைஞ்ச படத்துக்கு நான் மார்க் போடறதில்லீங்க."

குற்றம் சொல்லும்போதும் அவர் குரலில் ஒரு ரசனை இருந்தது. திறமையை எங்கே கண்டாலும் மதிக்கிற மனுஷன் என்று அதையும் அவர் கணக்கில் வரவு வைத்தார் உம்மல் குல்சும்.

"அது மட்டும் நல்லாத் தெரியுதுங்களாக்கும்!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள் கிருபா. பிறகு மேசைப் பக்கம் குனிந்தாள். "மத்தவங்க ஊட்டுல எல்லாம் பெரியவங்க கை வெக்கலீங்களா மேடம்? மாவட்டப் போட்டிக்குப் படம் அனுப்ப இன்னிக்குத்தான் கடைசி நாளு. முட்டை வாங்குன படத்த யாரு அனுப்புவாங்க? எம்படம் போகாதாம்மான்னு கேட்டுட்டு, பையன் நேத்திருந்து சோறே திங்கலீங்க."

உம்மல் குல்சுமுக்கு மனசு இளகத்தான் செய்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் படம் போட்டிக்குப் போய்விடும். ஆனால் உண்மை தெரியாமல் சொல்லலாமா?

"அம்மணி, மறைக்காமச் சொல்லுங்க. இத நீங்க வரைஞ்சீங்களா?"

"நானுங்களா? எனக்கு ஒரு கோடு நேராப் போட வராதுங்க."

"அப்ப ஆல்வினோட அப்பா?"

பிரான்சிஸ் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"சொல்லுங்க அம்மணி."

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து அவர்தான் வரைஞ்சு குடுத்தாரு. நான் கெஞ்சுனதுக்கப்புறம்தான்."

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியோடு உம்மல் குல்சும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெத்த புள்ளைக்கு ஏமாத்தக் கத்துக் குடுக்கறவரெல்லாம் ஒரு அப்பனா? இந்தா, சாரும்தான் இருக்காரு. யாரு புள்ளைன்னும் பாக்காம முட்டை போட்டிருக்காரு. இவர மாதிரி ஒருத்தர் அப்பனாக் கெடைச்சிருந்தா உங்க பையன் எப்படி வளர்ந்திருப்பான்! சார் போட்ட மார்க்குல நான் கை வெக்க மாட்டேன். படம் போகாது."

"விடுங்க மேடம்" என்று பிரான்சிஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரும் பாவம்... புள்ளைப் பாசம்."

"பார்த்தீங்களா, இப்பவும் அந்த மனுசனுக்காகப் பேசறாரு! இதுதாங்க பெருந்தன்மை." உம்மல் குல்சும் கிருபாவின் பக்கம் விரலை நீட்டினார். "நீங்க மொதல்ல அந்தப் பெரிய மனுசனக் கூட்டிட்டு வாங்க. இங்கயே, இந்த சார் முன்னாடியே நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கறேன்."

கிருபா முதல் முறையாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பிரான்சிஸை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏனுங்க ஆல்வினப்பா, மேடம் கூப்பிடறாங்கல்ல? எந்திரிச்சு நில்லுங்க."