மட்டக்கம்பு

லுணுகலைப் பக்கம் வாங்கிய வீட்டின் பின்வளவில் பதினொரு வருஷமாக ஆள் கால் படவில்லை. அழகரும் மனைவி சிவசக்தியும் மூன்று நாளாக மானாப்புல்லை வெட்டினார்கள். அடியில் ஒரு நிரை தேயிலை தெரிந்தது. ஆறு செடிகள், இடுப்பளவில், வெட்டிவிட்டதுபோல ஒரே மட்டம். முதல் இரண்டில் கொழுந்து கிள்ளிய காம்புகள் ஈரமாக இருந்தன. மூன்றாவதன்மேல், கொழுந்தெடுக்கிறவர்கள் செடியில் வைத்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு ஒன்று கிடந்தது.

முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவள் சிவசக்தி. தோட்டத்து வழக்கப்படி, நிரையைப் பாதியில் விட்டுப் போகிறவள் கம்பைச் செடிமேல் வைத்துவிட்டுப் போவாள். அதை எடுக்கிறவள்தான் நிரையை முடிக்க வேண்டும்.

"யாரோ வந்து எடுக்கிறாங்க போல."

"இந்தக் காட்டுக்குள்ள எப்புடி வருவாங்க? இந்தா, அடுப்புக்காகும்," என்று அழகர் கம்பை நீட்டினார். வேலை மும்முரத்தில் அவளும் வாங்கிவிட்டாள். சாயங்காலத் தேத்தண்ணி அதில்தான் கொதித்தது.

காலையில் அவளுடைய விரல்நுனிகளில் கொழுந்துக்கறை கறுத்திருந்தது. அவள் வேலையை விட்டு நாலு வருஷம். பின்கதவைத் திறந்தாள். ஆறு செடியிலும் கொழுந்து இல்லை. வெட்டாத புல்லுக்குள் ஏழாவது செடி தெரிந்தது. அதன்மேல், நேற்று எரித்த கம்பு.

"சக்தி, தேத்தண்ணி ஆறுது," என்று அழகர் கூப்பிட்டார்.

"நீங்க குடிங்க. எனக்கு இன்னும் நிரை முடியல."