சனிக்கிழமை மட்டும் ஓடும் சைக்கிள்

“சத்தம் போடாம உள்ள வாப்பா. அவர் குளிச்சிண்டிருக்கார், அதுக்குள்ள பாத்துடு,” என்றாள் ஸ்யாமளா. விடிந்தும் விடியாத நேரம். திருடனை உள்ளே விடுகிறவள் போல கேட்டை மெல்லத் திறந்தாள்.

வந்தவன் அழகுபாண்டி, சைக்கிள் கடை மெக்கானிக். ஷெட்டில் அந்தப் புது எலெக்ட்ரிக் சைக்கிள் நின்றது. மலையேறுவதற்கென்று செய்த தடித்த டயர்; ஹேண்டில்பாரில் ஸ்யாமளா திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்.

பெங்களூரில் இருக்கும் மகன் ஷ்யாம் அப்பாவுக்கு வாங்கி அனுப்பியது. ராஜாராமனுக்கு முட்டி வலி. ஆனால் தினமும் காலையில் கே.கே. நகரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய், யானைமலை அடிவாரத்து நரசிங்கப் பெருமாளைச் சேவிப்பதை மட்டும் விடமாட்டார். மோட்டார் இருந்தால் கால் பிழைக்கும் என்று மகன் நினைத்தான்.

மோட்டாரோ தெருமுனை வருவதற்குள் நின்றுவிடுகிறது. பாரமான வண்டியை மிதித்துத் திரும்பிவந்து, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காருகிறார் மனிதர்.

“நான் சாயந்தரம் வந்து பாத்தப்பல்லாம் நல்லாத்தானம்மா ஓடுச்சு,” என்றான் அழகுபாண்டி. “பேட்டரி பாத்தாச்சு, பிரேக் ஒயர் மாத்தியாச்சு. நான் வந்தா ஓடுது, போனா நிக்குது. எங்க ஓனரு என்னையத்தான் வையிறாரு.”

“அதான் இன்னிக்கு விடிகாலையில வரச் சொன்னேன். இன்னொண்ணு கேளு. சனிக்கிழமை மட்டும் இது நின்னதே இல்லை.”

“வண்டிக்குக் கிழமை தெரியுமாம்மா?”

“வண்டிக்குத் தெரியாது. நல்லகாமன் சாருக்குத் தெரியும்.”

நல்லகாமன், ராஜாராமனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். தன் பழைய சைக்கிளில் தினமும் வந்து, கூடவே கோயிலுக்குப் போகிறவர். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். அன்று மட்டும் வரமாட்டார்.

“அவர் வராத அன்னிக்கு மட்டும் வண்டி ஓடறது. மத்த நாள்ல இவர் கிளம்பி மிதிச்சதும் டிஸ்பிளேயைத்தான் எட்டிப் பாக்கறார். எரர்னு வந்தா முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வயிறு எரியறதுப்பா.”

“சேச்சே, பி.டி. சாரா? என்னையெல்லாம் கிரவுண்டைச் சுத்திச் சுத்தி ஓட விட்டவரும்மா அவரு. நாங்க நாக்குத் தள்ளி நிப்போம், அவருக்கு வேர்க்கக்கூடச் செய்யாது.”

அவன் பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றினான். மோட்டார் உறுமியது, சட்டென்று நின்றது. டிஸ்பிளேயில் எரர் வந்தது. கோளாறை ஒருவழியாகக் கண்ணால் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் அழகுபாண்டி தரையில் படுத்தேவிட்டான்.

“அம்மா, இங்க பாருங்க. இந்தச் சக்கரக் கம்பியில பொடியா ஒரு காந்தம் இருக்குல்ல? இது சென்சாருக்கு நேரா போனாத்தான் சக்கரம் சுத்துதுன்னு மோட்டாருக்குத் தெரியும். இதை அந்தப் பக்கமாத் திருப்பி விட்டுருக்கு.”

“தானா திரும்பியிருக்குமோ?”

“தானா திரும்புனா லொடலொடன்னு ஆடும். இதை ஸ்குரூ டிரைவர் போட்டு நல்லா முறுக்கி விட்டுருக்கு. யாரோ செஞ்ச வேலைதாம்மா.” சொன்ன பிறகு அவன் முகம் வாடியது. “நேத்து பி.டி. சார் இங்கிட்டு வந்தாரா?”

“சாயந்தரம் வந்தார். காபி குடிச்சுட்டு, இந்த ஷெட் வழியாத்தான் போனார்.”

ஸ்யாமளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஷ்யாம் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறியவர் அவர். வேண்டாதவர் செய்திருந்தால் கோபம் மட்டும் வந்திருக்கும். வேண்டியவர் என்பதால் அழுகையும் சேர்ந்து வந்தது.

“இன்னியோட சரி. இனிமே இந்த வாசலுக்கு வராதீங்கோன்னு முகத்துக்கு நேரா சொல்லிடறேன்.”

“கொஞ்சம் பொறுங்கம்மா. அவரு ரோசக்காரரு. ஒரு சொல்லு சொல்லிட்டா, அப்புறம் இந்தத் தெருப்பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாரு.”

“படுக்கவே வேண்டாம்.”

தெருவில் சைக்கிள் மணி கேட்டது. நல்லகாமன் இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு, “என்ன சார், கெளம்புவமா? இன்னைக்காவது உங்க மோட்டார் ஓடுதா, இல்ல நம்ம வேகந்தானா?” என்று உரக்கச் சிரித்தார்.

ஸ்யாமளா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டடி வைத்தாள். அதற்குள் ஈரத் தலையும் காயாத திருமண்ணுமாக ராஜாராமன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். காந்தத்தின் மேல் வைத்த விரலை எடுக்காமல் கிடந்த அழகுபாண்டியையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“இன்னும் ரிப்பேர்தான் சார். நம்ம வேகந்தான், இதோ வந்துட்டேன்!” என்று வாசலுக்குக் குரல் கொடுத்தார்.

பிறகு மனைவியின் காதருகே குனிந்தார்.

“அதைத் திருகறதும் வந்தப்புறம் நேராக்கி வைக்கறதும் நான்தான், மோட்டாரைச் சும்மா ஆஃப் பண்ணினா தனக்காகன்னு அவருக்குத் தெரிஞ்சுடும், மோட்டார் ஓடினா அவருக்கு மூச்சு வாங்கறது, அவரால என்கூட வர முடியலை.”